பற்று அட்டை

எங்கள் ஊரில் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. கொடகவெல டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து ரோட்டைப் பிடித்து, மழை விட்ட ஈரத்தில் கால் மணி நேரம் ஏறினால் போதும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணுக்காலில் இரண்டு, விரலிடுக்கில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலையேறுவார்கள். என் வீட்டு வாசற்படியில் ஒரு சிரட்டையில் எப்போதும் உப்பு இருக்கும். வந்த விருந்தாளிக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது தமிழர் பண்பாடு என்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் உப்பு, பிறகுதான் தண்ணீர்.

இது போக வேறு அட்டைகளும் நாட்டில் உண்டு. வடக்கே கடலட்டை பிடித்துக் காயவைத்துக் கப்பலேற்றுகிறார்கள். அடையாள அட்டை என்று ஒன்று. 1948-இல் எங்கள் தோட்டத்துத் தமிழ்ச் சனத்திடமிருந்து பறித்த பிரஜாவுரிமை திரும்பி வர 2003-இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டதால், அந்த அட்டையின் அருமை எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். நாலாவது வகை ஒன்று இருப்பதை எனக்குக் காட்டியவன் என் மகன். கொழும்பில் கணினியைத் தட்டிச் சம்பாதிக்கிறான். வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் மும்மொழியிலும் அதன் பெயர் இருந்தது. தமிழில், ‘பற்று அட்டை’. வாசித்ததும் என்னையறியாமல் காலைத் தூக்கிக்கொண்டேன். அந்தச் சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பாளர் யாரோ, எவரோ. மழைக்காலத்தில் ஒரு தடவையாவது சப்ரகமுவ தோட்டத்துக்குள் நடந்திருப்பார் என்பது மட்டும் என் துணிபு.

சங்கதி இதுதான். 2024 டிசம்பர் விடுமுறைக்கு மனைவியும் நானும் இந்தியா போவதென்று முடிவாயிற்று. சமயபுரத்தாளுக்கு ஒரு நேர்த்திக்கடன். கோத்தகிரியில் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவர் வீட்டில் நாலு நாள். காசை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தபோது, பழைய முறைப்படி மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம் என்றாள் மனைவி. பழைய முறையில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் இருந்தது.

2012-இல் ஒரு தடவை போய்வந்தோம். மிஞ்சிய இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை, அடுத்த பயணத்துக்கு உதவும் என்று, முருகன் படத்துக்குப் பின்னால் நானே செருகி வைத்தேன். வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். யாரும் தொடவில்லை. 2016 நவம்பர் 8-ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு இந்தியப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவோடு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றார். அவர் எங்கிருந்தோ சொன்ன சொல், இரத்தினபுரி மாவட்டத்தில், ஒரு லயத்துக் காம்பராவில், முருகனுக்குப் பின்னால் பத்திரமாக இருந்த என் ஆயிரம் ரூபாயைக் கொன்றுபோட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்துக்கு விளக்கேற்றும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதையும், கற்பிப்பது கணிதம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுவது நாணயம். மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். சந்தையில் வியாபாரி கூட்டி முடிக்குமுன் அவள் கூட்டி முடித்து, மிச்சத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருப்பாள்.

“அப்பா, இந்தக் காலத்தில யாராச்சும் சல்லியைக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போவாங்களா? கார்ட எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க வேணும்னாலும் இழுக்கலாம்” என்றான் மகன். இழுக்கலாம் என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. யார் யாரை இழுப்பது என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அட்டை உள்ளூரில் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் வேலை செய்ய வங்கிக்குப் போய்த் திறந்துவிடச் சொல்ல வேண்டும்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்த நாடு, ஒரு நாளைக்கு எவ்வளவு. நான் நிரப்பிய படிவத்தின் பின்பக்கம் முழுக்க எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். எந்தெந்த வகையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை வங்கியில் இருந்த பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், வாசித்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை தலையும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மகன் அட்டையைத் தன் அப்பத்தாவுக்குக் காட்டினான். “இது விசா கார்டு அப்பத்தா.” எண்பத்து நாலு வயதுக் கிழவி அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இதுலயே விசா இருக்குன்னா, அப்புறம் எதுக்குடா தனியா இந்தியா விசாவுக்குக் காசு கட்டுன?” நான் பத்து நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரெண்டு தடவ கட்ட வெச்சுட்டானுக” என்று முடித்துவிட்டாள். விளக்கம் தோற்றது. ஆனால் தீர்ப்பு, போகப் போகத் தெரிந்தபடி, அவ்வளவு தப்பில்லை.

அடுத்தது இரகசிய எண். அதைக் கேட்கிற காசு மெஷின் பிறந்தது 1967 ஜூன் 27-ஆம் திகதி, லண்டனில் என்ஃபீல்ட் என்ற இடத்து பார்க்ளேஸ் வங்கிக் கிளையில். அதற்குக் காரணகர்த்தா ஜோன் ஷெப்பர்ட் பரன் என்ற மனிதர். பிறந்தது நம்ம பக்கத்து ஷில்லாங்கில். எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். சமையலறை மேசையில் மனைவி கரோலினிடம் கேட்டபோது, நாலுக்கு மேல் என்னால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்றாராம் அந்த அம்மா. அன்றிலிருந்து உலகத்தில் பல இடங்களிலும் நாலு. இந்தக் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லி, மனைவிமாரின் ஞாபகசக்தியைப் பற்றிப் பிள்ளைகள் சிரிக்கும்படி ஒரு வரியும் சேர்ப்பதுண்டு. இனிமேல் சேர்க்க மாட்டேன்.

“மறக்காத நம்பரா போடுங்கப்பா” என்றான் மகன். “எங்க கல்யாண நாளப் போட்டுட்டேன்” என்றேன், சமையலறைக்குக் கேட்கும்படி. செப்டெம்பர் 4. பூச்சியம் நாலு பூச்சியம் ஒன்பது. (இப்போது மாற்றியாகிவிட்டது, யாரும் ஆசைப்பட வேண்டாம்.) உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு விநாடி நின்றது. முப்பத்திரண்டு வருடத்தில் நான் செய்த காதல் காரியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மனைவி அட்டைக்கு ஒரு துணிப்பை தைத்து, கயிறு கோத்து, என் கழுத்தில் மாட்டிவிட்டாள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சி ஒரு மணி நேரம். கொடகவெலயிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் பாதிகூட இல்லை. மேலே பறக்கும்போது சட்டைக்குள் கைவிட்டு அந்தப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் பூட்டன் ஞாபகம் வந்தது.

பூட்டனும் இந்தக் கடலைக் கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் தாண்டினார், எதிர்ப்பக்கமாக. தகரத் துண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, தோட்டத்தின் எண்ணைக் குத்திய வட்டத் தகரம் ஒன்றைக் கொடுப்பார்கள். அது இருந்தால் கையில் ஒரு சதம் வேண்டாம். மண்டபம் முகாமில் சோறு, கப்பல், ரயில், எல்லாம் அந்த எண்ணைப் பார்த்தே நடக்கும். காசில்லாப் பயணம்! தோட்டத்துக்கு வந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற பிறகுதான் தெரியும், அத்தனையும் அவர் பேரில் பற்று எழுதியிருக்கிறது என்று. தோட்டத்துக்குத் தோட்டம் ஆளோடு சேர்ந்து அவன் கடனும் மாறுகிற ‘துண்டு’ முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆக நூறு வருடத்துக்கு முன்பே எங்கள் குடும்பத்தில் பற்று அட்டை இருந்திருக்கிறது. பிளாஸ்டிக்தான் புதுசு. மனைவியிடம் இதைச் சொன்னேன். “அவரு எண்ணத் தகரத்துலயே குத்தியிருந்தாங்க. மறக்க வழியில்ல” என்றாள்.

திருச்சி விமான நிலையத்து மெஷின் என்னை மரியாதையாக வரவேற்றது. பத்தாயிரம் ரூபாய். விரல் தானாகப் போய் எண்ணை அழுத்தியது. ஒரு உறுமல், பிறகு தாள். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். கடலைத் தாண்டி இலங்காபுரிக்குப் போன அனுமார்கூடத் தன் தோளைத் தானே அப்படித் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். மூன்றரையால் பெருக்கினால் எங்கள் காசுக்கு முப்பத்தையாயிரம். பெருக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். கூட்டல் ஒன்றும் இருக்கிறது என்பது கணித வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

சமயபுரத்தில்தான் முதல் அடி. கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் பூ. என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. மெஷின் சில்லறை தருவதில்லை. “சில்லறை இல்ல சாமி, போன்ல போட்டுடுங்க” என்று கூடையில் செருகியிருந்த ஒரு அட்டையைக் காட்டினார். கட்டம் கட்டமாகக் கறுப்புக் கோலம். நான் பெருமையோடு சட்டைக்குள் கைவிட்டு, பையைத் திறந்து, என் அட்டையை நீட்டினேன். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பினார். “படம் நல்லா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஊரில் டீக்கடை, இளநீர்க்கடை, ஆட்டோ எல்லாவற்றிலும் அந்தக் கோலம்தான். 2016-இல் வந்த யூ.பி.ஐ. முறையாம். இந்திய வங்கிக் கணக்கும் இந்தியத் தொலைபேசி எண்ணும் உள்ளவர்கள் போனைக் காட்டினால் போதும், கணக்கிலிருந்து கணக்குக்குக் காசு போய்விடும். எனக்கு ஒரு ஆற்றாமை. 2024 பெப்ரவரி 12-ஆம் திகதி இதே முறையை இலங்கையிலும் தொடக்கிவைத்தார்கள். பேப்பரில் வாசித்துவிட்டு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் நாட்டுக் கடையில் செலவழிப்பதற்கு. திருச்சிக்காரர் ஒருவர் கொழும்புக் கடையில் போனைக் காட்டிச் சேலை வாங்கலாம். கொடகவெலக்காரனால் அன்றைக்குச் சமயபுரத்தில் அப்படி இரண்டு முழம் பூ வாங்க முடியவில்லை. கடைசியில் பூக்காரம்மா பக்கத்துத் தேங்காய்க் கடையில் மாற்றி, சில்லறை கொடுத்தார். அம்மன் முன்னால் நின்றபோது என்ன வேண்டினேன் என்று மனைவி கேட்டாள். பத்து ரூபாய்த் தாள் என்றேன்.

இரண்டாவது அடி திருச்சியில் ஒரு துணிக்கடையில். மூன்று சேலை, ஒரு வேட்டி, மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு. இங்கே அட்டை வாங்குவார்கள். எனக்கு உயிர் வந்தது. கல்லாவிலிருந்த பெண் சின்ன மெஷினில் அட்டையைச் செருகிவிட்டுக் கேட்டது: “ரூபாயில எடுக்கவா சார், ரூபாயில எடுக்கவா?”

எனக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தேன். “எதுல?”

“இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா? மெஷின் கேக்குது.”

திரையைப் பார்த்தேன். மேலே இந்தியக் கணக்கு, கீழே எங்கள் கணக்கு. தூர தேசத்தில், ஒரு சின்னப் பெட்டி, என் நாட்டு ரூபாவை ஞாபகம் வைத்திருக்கிறது. 2022-இல் எங்கள் ரூபா விழுந்த விழுகையைப் பார்த்தவன் நான். எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றவன். அப்படிப்பட்ட ரூபாவை ஒருவர் மதித்துக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? “இலங்கை ரூபா” என்றேன், கொஞ்சம் சத்தமாக. தேசிய கீதத்துக்கு நிற்பது போல நிமிர்ந்துகொண்டேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

அதன் சூட்சுமத்தை மகன் பிறகுதான் விளக்கினான். அந்த ஊர்க் காசில் எடு என்று சொன்னால், மாற்று விகிதத்தை அட்டை நிறுவனமும் நம் வங்கியும் பார்த்துக்கொள்ளும். நம் ஊர்க் காசில் எடு என்றால், அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் தங்கள் விகிதத்தைப் போட்டுக்கொள்வார்கள். அந்த விகிதத்துக்குள்ளேயே அவர்கள் கூலியும் ஒளிந்திருக்கும். பதினாறாயிரத்து எண்ணூறில் முடிந்திருக்க வேண்டிய துணி, பதினேழாயிரத்து எண்ணூறுக்குப் போயிருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுக் காசிலேயே எடுக்கச் சொல்ல வேண்டுமாம். “ஒங்க தேசபக்திக்கு ஆயிரம் ரூபாவா?” என்றாள் மனைவி. இதைவிட மலிவாக யாரும் தேசபக்தி விற்பதில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

பிறகு கோத்தகிரி. கோயம்புத்தூர் போய், மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, வளைந்து வளைந்து ஏறினால், ஜன்னலுக்கு வெளியே என்ன? தேயிலை. தேயிலைக்குள் பிறந்து, தேயிலைக்குள் வளர்ந்து, வீட்டு வாசலிலிருந்து தேயிலையையே பார்த்துக்கொண்டிருக்கிற நாங்கள், விசா எடுத்து, விமானம் ஏறி, இரண்டு நாட்டுக் காசைச் செலவழித்துத் தேயிலை பார்க்க வந்திருக்கிறோம். “கவ்வாத்து சரியில்ல” என்றாள் மனைவி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

பெரியப்பா குடும்பம் 1973-இல் போனது. 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் எங்களை வைத்து ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார்கள்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மீதி 150,000. மீதி வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பத்து வருடம் கழித்து, 1974-இல், ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். அந்த வகுத்தலில் பெரியப்பா அந்தப் பக்கம் விழுந்தார், அப்பா இந்தப் பக்கம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியிருந்தது. பெரியப்பா இங்கே விட்ட கூடையை அங்கே எடுத்துக்கொண்டார். அண்ணன் இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

மறுநாள் காலை அண்ணன் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று டவுனுக்கு நடந்தோம். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம், டிசம்பர்க் குளிர். கொடகவெல வெயிலில் காய்ந்த உடம்பு எனக்கு. மெஷின் முன்னால் போய் நின்றேன். அட்டை உள்ளே போனது. எண் கேட்டது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த எண் என் தலையில் இருக்கவில்லை. விரலில் இருந்தது. கொடகவெலயிலும் திருச்சியிலும் விரல்தான் போய் அழுத்தியது. நான் கூட நின்றதோடு சரி. கோத்தகிரியில் விரல் குளிரில் மரத்துப்போயிற்று. நாலு தட்டுத் தட்டியது. ‘தவறான எண்’ என்றது மெஷின்.

“என்னங்க?” என்றாள் மனைவி, வாசலிலிருந்து.

“ஒண்ணுமில்ல. மெஷினுக்குக் குளிர்.”

விரலை நம்பினால் ஆகாது என்று தலையைக் கேட்டேன். கல்யாண நாள். நாதஸ்வரம் ஞாபகம் வந்தது, பந்தலில் கட்டிய வாழை ஞாபகம் வந்தது, மச்சான் வேட்டியில் சாம்பார் கொட்டியது ஞாபகம் வந்தது. திகதி வரவில்லை. பிறகு பளிச்சென்று வந்தது: மே 29! இரண்டு ஒன்பது பூச்சியம் ஐந்து. அழுத்தும்போது வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“அது பரிசம் போட்ட நாள்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மெஷினும் அதையேதான் சொன்னது, வேறு வார்த்தையில்.

அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் கோத்தகிரிக் குளிர் முழுவதும் இறங்கியது. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. “பொறுங்க, நான் சொல்…” என்று அவள் தொடங்கினாள். அவள் சொல்லி நான் அழுத்துவதா? சமையலறைக்குக் கேட்கும்படி அறிவித்தவன் அல்லவா நான். செப்டெம்பர் என்பது அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. செப்டெம்பர் ஒன்பது, திகதி நாலு. வந்த வரிசையிலேயே அழுத்தினேன்: பூச்சியம் ஒன்பது பூச்சியம் நாலு. மாதத்தை முன்னால் போட்டுவிட்டேன். அட்டை வெளியே வந்தது. ஆனால் அதற்குள் உயிர் இல்லை. பூட்டியாகிவிட்டது.

வங்கிக்குப் போன் போட்டேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. இரண்டை அழுத்தினேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று தமிழில் சொன்னார்கள். பிறகு புல்லாங்குழல். நல்ல வாசிப்புத்தான். ரோமிங்கில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் புல்லாங்குழல் கேட்ட கொடகவெலக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாசிப்பு முடியுமுன் என் போனில் காசு முடிந்தது.

நாலு நாள் செலவு, திருச்சி திரும்பும் பஸ், விமான நிலையத்துக்கு ஆட்டோ. கையில் அறுநூற்றுச் சொச்சம். கணக்கில் காசு இருக்கிறது; எனக்குக் காசு இல்லை. அண்ணன் கடையில் போய் உட்கார்ந்து, உப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். கொழுந்தெடுக்கிற பெண்கள் வாரக் கணக்கில் வாங்குகிற அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அதில். இடப்பக்கம் ‘வரவு’, வலப்பக்கம் ‘பற்று’. வலப்பக்கத்தில் ‘தம்பி – 15,000’ என்று எழுதினார். கையெழுத்தும் கேட்கவில்லை, எண்ணும் கேட்கவில்லை. அட்டை, பற்று, இரண்டுமே அங்கே இருந்தன. நான்தான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

“ஊருக்குப் போனதும் எப்படியாச்சும் அனுப்பிடுறேன் அண்ணே.”

“இரு” என்று உள்ளே போய் வேறொரு கொப்பியோடு வந்தார். பெரியப்பாவின் கொப்பி, ஓரம் கரையான் அரித்திருந்தது. முதல் பக்கத்தில் மங்கிய மையில்: ‘1973. தலைமன்னார். தம்பி கொடுத்தது ரூ. 300.’ என் அப்பா கொடுத்தது. அப்பா அதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு பேரும் கணக்குப் போட உட்கார்ந்தோம். 1950-இல் எங்கள் மத்திய வங்கி வரும்வரை இலங்கை ரூபாவும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. 1973-இல் அரசாங்க விகிதப்படி எங்கள் ரூபாதான் கொஞ்சம் கனம். 2024 கடைசியில் ஏறக்குறைய மூன்றரைக்கு ஒன்று. இதில் எந்த விகிதத்தில் போடுவது? ஐம்பத்தொரு வருட வட்டி உண்டா, இல்லையா? கூட்டு வட்டியா, தனி வட்டியா? நான் சூத்திரத்தைப் பொட்டலக் காகிதத்தில் எழுதினேன். அண்ணன் விரலை மடக்கினார். விடை எனக்கு ஒன்று வந்தது, அவருக்கு ஒன்று. யார் யாருக்குத் தர வேண்டும் என்பதே இடையில் குழம்பிவிட்டது. அண்ணி எட்டிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா இல்லையா? கணக்கு முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் எதுக்கு இங்க வரப்போறீங்க?” பொட்டலக் காகிதத்தில் அவர் பெருங்காயம் மடித்துக்கொண்டு போனார்.

ஊர் திரும்பினோம். கட்டுநாயக்கவில் போனுக்கு உயிர் வந்ததும் எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றாக விழுந்தது. மெஷினில் எடுத்ததற்கு எங்கள் வங்கியின் கூலி. அந்த மெஷின்காரரின் கூலி. வெளிநாட்டுக் காசுக்கு நூற்றுக்கு இவ்வளவு. நான் தேசபக்தியோடு எங்கள் ரூபாவில் எடுத்த சேலைக்கும், கடை வெளிநாட்டில் இருந்ததால் அதற்கொரு கூலி. இரண்டு தடவை கட்ட வைத்துவிட்டார்கள் என்று கிழவி சொன்னது சரிதான். நான்தான் பின்பக்கத்தை வாசிக்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. கொடகவெலயில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறினோம். வாசலில் செருப்பைக் கழற்றினேன். கணுக்காலில் ஒன்று, உருண்டு திரண்டு, என் சொத்தில் பாதியைக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி சிரட்டையிலிருந்து உப்பை எடுத்துப் போட்டாள். சுருண்டு விழுந்தது. இரத்தம் மட்டும் நிற்கவில்லை. அட்டை கடிக்கும்போது தெரியாது. இரத்தத்தை உறையவிடாமல் எதையோ செலுத்திவிட்டுத்தான் குடிக்கும். அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

சட்டைப்பைக்குள் போன் மறுபடியும் கிணுகிணுத்தது. அன்றைக்குப் பிடித்துவைத்ததை இன்றைய விகிதத்தில் சரிசெய்ததற்கு இன்னும் ஒரு இருநூற்றுப் பதினெட்டு ரூபா.

மனைவி கையில் உப்போடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் அந்தத் துணிப்பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“அசையாதீங்க” என்றாள். “இன்னும் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு.”